பெயரைத் தொலைத்த கரடி

இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் 'பூச்சி' என்பது நம் கிராமத்து வழக்கம். பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். வட ஐரோப்பாவில் அதே பயம் கரடியின் பெயரையே மொழியிலிருந்து துடைத்துவிட்டது.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலமொழியில் கரடிக்கென்று ஒரு சொல் இருந்தது. அது கிரேக்கத்தில் 'ஆர்க்தோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', வேல்ஸ் மொழியில் 'அர்த்', சமஸ்கிருதத்தில் 'ருக்ஷ' என்று ஆனது. ஜாம்பவானுக்கு ருக்ஷராஜன் என்று பெயர் வந்தது இப்படித்தான். காதுக்கு இவை ஒட்டாத சொற்கள். ஆனால் கிரேக்கத்தின் 'க்த்' சமஸ்கிருதத்தில் 'க்ஷ' ஆவது தற்செயல் அல்ல. தச்சரைக் குறிக்கும் 'தெக்தோன்', 'தக்ஷன்' என்ற இணையிலும் அதே மாற்றம்தான்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பது களிமண் பலகைகள். சசூர் என்ற சுவிஸ் இளைஞர், மூலமொழியில் இருந்து பின்னர் மறைந்துபோன ஒலிகள் உண்டு என்று 21 வயதில் எழுதினார். கையில் சான்று இல்லை; கணக்குப் போல யோசித்துக் கண்டடைந்தது. பிறகு துருக்கியில் ஹிட்டைட் பேரரசின் பலகைகள் கிடைத்தன. 1915-ல் ஹ்ரோஸ்னி என்ற அறிஞர் அப்பலகைகளின் மொழிப் புதிரை அவிழ்த்தார்; அதுவும் இதே குடும்பத்து மொழி. அதில் கரடி என்று கொள்ளப்படும் சொல் 'ஹர்தக்க'. மற்ற மொழிகள் தொலைத்த ஒலி அந்த முதல் 'ஹ'வில் அப்படியே இருந்தது! சசூர் அதைப் பார்க்காமலே 1913-ல் இறந்துவிட்டார்.

கரடியோடு ஒரே காட்டில் வேட்டையாடிய வட ஐரோப்பியர் மட்டும் அந்த மூலச் சொல்லை விட்டுவிட்டார்கள். பெயருக்குப் பயந்தே விட்டார்கள் என்று 1906-ல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மெய்யே. ரஷ்யர்களுக்குக் கரடி 'மெத்வேத்', அதாவது தேன்தின்னி. அதில் உள்ள 'மெத்', நாம் அறிந்த 'மது'வேதான். ஆங்கிலத்தின் 'பேர்' (bear) பழுப்பன் என்ற பொருளில் பிறந்தது என்பது பரவலான கருத்து. காட்டு விலங்கு என்று பொருள் கொள்வோரும் உண்டு. வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபின்னிஷ் பேசுவோரும் கரடியைத் 'தேன்கை' என்று சுற்றி வளைத்தே அழைத்தார்கள்.

ஆனால் விரட்டிய சொல் வானம் வழியாகத் திரும்பி வந்தது. வடவானின் நட்சத்திரக் கூட்டத்தைக் கரடியாகக் கண்ட கிரேக்கர்கள் அத்திசையை 'ஆர்க்திகோஸ்' என்றார்கள். அதுவே இன்றைய ஆர்க்டிக். அந்தக் கூட்டத்தின் ஏழு நட்சத்திரங்கள்தான் நம் சப்தரிஷி மண்டலம். அந்த ரிஷிகளை முற்காலத்தில் 'ருக்ஷர்' என்றே அழைத்தார்கள் என்கிறது சதபத பிராமணம்.