உயிர், ஆயுள், வாழ்க்கை

ஆங்கிலத்தில் 'லைஃப்' என்பது ஒரே சொல். மருத்துவர் காப்பாற்றுவதும் லைஃப். காப்புறுதி எடுப்பதும் லைஃபுக்கு. மணமக்களுக்கு நாம் வேண்டுவதும் இனிய லைஃப். தமிழில் அவ்வாறு கூற இயலாது. மருத்துவர் காப்பாற்றுவது உயிர். காப்புறுதி எடுப்பது ஆயுளுக்கு. மணமக்களுக்கு வேண்டுவது நல்வாழ்க்கை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் கெட்டுவிடும். வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளரும் நம் பிள்ளைகள் சிலர் இச்சொற்களில் தடுமாறுவதைக் காண்கிறோம். அவர்கள் இழப்பது வெறும் சொற்களை மட்டும் அன்று.

முதலில் உயிர் என்னும் சொல்லைப் பார்ப்போம். 'உயிர்த்தல்' என்றால் மூச்சு விடுதல். வடமொழியின் 'பிராணன்' என்ற சொல்லும் மூச்சையே அடிப்படையாகக் கொண்டது. இலத்தீனில் 'அனிமா', எபிரேயத்தில் 'நெஃபெஷ்' ஆகிய சொற்களும் மூச்சோடு தொடர்புடையவையே. ஒருவரையொருவர் அறியாத மக்களும் உயிரை மூச்சில்தான் கண்டிருக்கிறார்கள். நம் இலக்கண ஆசிரியர்களோ எழுத்துக்கும் உயிர் கொடுத்தார்கள். 12 உயிரெழுத்துகள் தாமே ஒலிக்கும். 18 மெய்யெழுத்துகள் உயிரோடு கூடினால்தான் நன்கு இயங்கும். இவை கூடிப் பிறப்பன 216 உயிர்மெய்கள். உடலும் உயிரும் கூடி இயங்கும் உண்மையை அரிச்சுவடியிலேயே குழந்தை கற்றுவிடுகிறது.

அடுத்தது ஆயுள். 'ஆயுஸ்' என்னும் வடசொல்லிலிருந்து வந்த இது, உயிர் உடலில் தங்கும் கால அளவைக் குறிப்பது. ஆயுர்வேதம் என்ற பெயரிலும் இச்சொல்லே உள்ளது. சீன மொழியில் 'ஷெங்மிங்' என்பர். 'ஷெங்' என்ற எழுத்து, மண்ணிலிருந்து முளைத்தெழும் செடியின் வடிவிலிருந்து தோன்றியது. 'மிங்' என்பதற்கு உயிர் என்றும், விதி என்றும், கட்டளை என்றும் பொருள் உண்டு. ஆயுளின் அளவு நம் கையில் இல்லை என்பதை அச்சொல்லும் உணர்த்துகிறது.

நம் நாட்டின் மலாய் மொழியிலும் இத்தகைய வேறுபாடுகள் உள்ளன. 'ஞாவா' என்பது உயிர். 'ஹிடுப்' என்பது உயிரோடிருத்தல், வாழ்தல். ஆயுள் காப்புறுதியை 'இன்சூரான்ஸ் ஹயாத்' என்பர். 'ஹயாத்' அரபுச் சொல். ஆன்மாவைக் குறிக்கும் 'ஜிவா' நமக்கு அந்நியமன்று. நாம் கூறும் 'ஜீவன்' தான் அது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து இம்மண்ணில் நிலைபெற்ற சொல்.

மூன்றாவது வாழ்க்கை. தமிழில் 'வாழ்தல்' என்றால் மூச்சோடிருத்தல் மட்டும் அன்று, செழித்திருத்தலும் ஆகும். "அது வாழ்ந்த குடும்பம்" என்றால், ஒரு காலத்தில் சிறப்போடு இருந்த குடும்பம் என்றே பொருள் கொள்கிறோம். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், பிறருக்குப் பயன்பட்டு ஊரோடு இசைந்து நடப்பவரையே உயிர் வாழ்பவராகக் கொள்கிறார். மற்றவர் மூச்சோடு நடமாடினாலும் அவர்களை இறந்தவர் வரிசையில் சேர்த்துவிடுகிறார்!

இம்மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உயிர் இறைவன் தந்தது. ஆயுள் அவன் அளந்தது. வாழ்க்கை ஒன்றே நாம் அமைத்துக்கொள்வது. பசித்தவருக்கு இடும் ஒரு பிடி அன்னமும், ஏழை மாணவனுக்கு வாங்கித் தரும் ஒரு புத்தகமும் நம் ஆயுளை நீட்டுமா என்பதை நாம் அறியோம். ஆனால் அவை நம் வாழ்க்கையை வாழ்க்கையாக்குகின்றன.

'வாழ்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததே 'வாழ்த்து'. ஒருவரை வாழ்த்துவது, அவரை வாழச் செய்ய விரும்புவது. ஆகவே நம் பிள்ளைகளை வாழ்த்தும்போது, இம்மூன்று சொற்களையும் அவற்றின் பொருளோடு சொல்லிக் கொடுப்போம்.

எல்லா உயிர்களும் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்க்கையும் பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.