பாடுகளின் வாரங்களில் நாம்

தவக்காலத்தின் முதல் வாரம் உற்சாகத்திலேயே கழிந்துவிடுகிறது. நெற்றியில் சாம்பல் பூசப்பெற்ற அன்று நாம் செய்த பிரதிக்கினைகள் மூன்றாம் வாரத்தில் தளர்கின்றன. நான்காம் வாரத்தில் மறந்தே போகின்றன. எஞ்சிய இரு வாரங்களுக்கு நம்மை எவ்வாறு ஆயத்தம் செய்வது? அதுவும் பங்குனி வெயிலில், தேர்வுகள் நெருக்கும் வேளையில்!

1969-ஆம் ஆண்டின் நாள்காட்டிச் சீர்திருத்தத்திற்கு முன்பு தவக்கால ஐந்தாம் ஞாயிறே பாடுகளின் ஞாயிறு எனப்பட்டது. இன்று அப்பெயர் குருத்து ஞாயிறைச் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஐந்தாம் ஞாயிறு நெருங்கும்போது சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடும் வழக்கம் பல ஆலயங்களில் நிலைத்திருக்கிறது. பழைய முறைப்படி அன்று வாசிக்கப்பட்ட யோவான் நற்செய்திப் பகுதி, தம்மீது கல்லெறிய முயன்றவர்களிடமிருந்து இயேசு மறைந்து கோவிலை விட்டு வெளியேறினார் என்று முடிவடையும். அவர் மறைந்ததையே அத்துணி நமக்குக் காட்டுகிறது.

உபவாசத்தைப் பற்றி நம்மில் பலருக்கு ஐயம் உண்டு. திருச்சபைச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமே உபவாச நாட்கள். அது 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது வரையுள்ளோரைக் கட்டுப்படுத்தும். புலால் மறுத்தல் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஆகவே உயர்நிலைப் பள்ளிச் சிறுமி காலை உணவை விட்டுவிட்டுத் தேர்வறையில் மயங்கி விழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் நாற்பது நாளும் கறி சமைப்பதில்லை, நல்ல வழக்கம்தான். ஆனால் கறிக்குப் பதில் வடையும் பாயசமும் பெருகுமானால் அது என்ன ஒறுத்தல்? மிச்சமான காசு தவக்கால உண்டியலில் விழ வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பாவசங்கீர்த்தனமே. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களை வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல் என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கிறோம். பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன் என்பவை எளிதில் நாவில் வரும். எவளோடு அமர்ந்து உண்ண மறுத்தோம், எவள் தொட்ட குவளையை ஒதுக்கினோம் என்பவை வருவதில்லை. இவற்றை ‘ஊர் வழக்கம்’ என்று எண்ணிக்கொள்கிறோம்.

இதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. நம் எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், ஒரே விசுவாசம் கொண்ட மக்களிடையே சாதியின் பெயரால் பிளவு நிலவியது. ஆலயத்தில் சமமாக நடத்தப்படவில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் முறையிட்டனர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றும் கோரினர். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அந்த நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு! உயிர்ப்புப் பெருவிழாவிற்கு இரு வாரங்களே இருந்தன. சிலுவைப்பாதையில் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டவர்கள்தாம் இரு பக்கமும் நின்றார்கள். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் கட்டளையிட்டது இத்தகைய ஊர்களுக்காகவும் அல்லவா?

எனவே இவ்வாண்டு நம் ஆத்தும சோதனையில் ஒரு கேள்வியைக் கூட்டிக்கொள்வோம்: குருத்து ஞாயிறுக்கு முன் நாம் சென்று பேச வேண்டியவர் யார்? அவர் வகுப்புத் தோழியாயிருக்கலாம், தெருக்கோடி வீட்டு அக்காளாயிருக்கலாம். பத்து செபமாலை சொல்வதைவிட அந்த நாலடி நடை கடினம்.

பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவும் சடங்கிற்கு நெடுங்காலம் ஆண்களையே அமர்த்தினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் உரோமையிலுள்ள இளம் குற்றவாளிகளின் சிறைக்குச் சென்று இளம்பெண்களின் பாதங்களையும் கழுவினார். 2016-இல் பெண்களும் அமரலாம் என்று விதியே மாற்றப்பட்டது. நம் பங்கில் அழைப்பு வந்தால், மாணவியரே, வெட்கப்பட்டுப் பின்வாங்க வேண்டாம். யார் அருகில் அமர்கிறோம் என்று பார்த்துத் தள்ளி அமரவும் வேண்டாம்.