புகைப் பரிசோதனையில் தேறாத பழைய வாகனம்: தகன அறிவைக் கொண்டு காரணம் காணல்

மாணவர்களே, பூரண தகனம், பூரணமற்ற தகனம் பற்றிக் கற்றிருப்பீர்கள். உதாரணம் கேட்டால் பன்சன் சுடரடுப்பின் நீலச் சுவாலையையும் மஞ்சள் சுவாலையையும் எழுதிவிட்டு நிறுத்துபவர்களே அதிகம். அதே பாடம் உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய காரிலும் இருக்கின்றது.

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் தொடங்கப்பட்டது. அதில் தேறாத வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. வாடகைக்கு ஓடும் வாகனமாயின் குடும்பத்தின் உழைப்பே நின்றுவிடும். அந்த அவசரத்தில் முதலில் பிளக்கை மாற்றி, பின் வளி வடிகட்டியை மாற்றி, இறுதியில் காபரேற்றரையே மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. காரணத்துக்கான குறிப்போ கையில் உள்ள அறிக்கைத் தாளிலேயே இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

பெற்றோல் பல ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் ஒக்ரேனை எடுத்துக்கொள்வோம். அது பூரணமாக எரியும்போது:

ஒக்ரேன் 2 மூலக்கூறு + ஒட்சிசன் 25 மூலக்கூறு → காபனீரொட்சைட்டு 16 மூலக்கூறு + நீர் 18 மூலக்கூறு

ஒக்ரேனின் ஒரு மூல் 114 கிராம். அதற்குத் தேவையான ஒட்சிசன் 12.5 மூல், அதாவது 400 கிராம். எனவே 1 கிராம் ஒக்ரேனுக்கு ஏறத்தாழ 3.5 கிராம் ஒட்சிசன் வேண்டும். வளியின் திணிவில் ஒட்சிசன் ஏறத்தாழ 23% என்பதால் இது ஏறத்தாழ 15 கிராம் வளியாகும். பெற்றோல் கலவைக்கு இப்பெறுமானம் 14.7 எனக் கொள்ளப்படும். (காலையில் எஞ்சினை இயக்கும்போது புகைபோக்கியில் இருந்து நீர் சொட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். சமன்பாட்டில் உள்ள 18 மூலக்கூறு நீரே அது.)

வளி குறைந்தால் காபன் முழுமையாக ஒட்சியேற்றப்படாது. 25 மூலக்கூறு ஒட்சிசனுக்குப் பதிலாக 17 மட்டுமே கிடைத்தால், 16 மூலக்கூறு காபனோரொட்சைட்டு உண்டாகலாம். ஆகவே அறிக்கையில் காபனோரொட்சைட்டு கூடியிருந்தால், எரிதல் நடந்துள்ளது, ஆனால் ஒட்சிசன் போதவில்லை என்பது பொருள். ஐதரோகாபன் என்னும் பெறுமானம் வேறொன்றைக் கூறுகின்றது. எரியாமலே வெளியேறிய எரிபொருளின் அளவே அது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே மாணவர்களும் சில வேளைகளில் கராஜில் உள்ளவர்களும் செய்யும் தவறு.

கீழே உள்ளவை பயிற்சிக்காக அமைக்கப்பட்ட அளவீடுகள். மூன்றும் காபரேற்றர் பொருத்திய பெற்றோல் கார்கள்.

வாகனம் அ: காபனோரொட்சைட்டு 6.5%, ஐதரோகாபன் மில்லியனில் 450 பங்கு, ஒட்சிசன் 0.4%.
வாகனம் ஆ: காபனோரொட்சைட்டு 0.4%, ஐதரோகாபன் மில்லியனில் 1900 பங்கு, ஒட்சிசன் 6%.
வாகனம் இ: எஞ்சின் மெதுவாக ஓடும்போது காபனோரொட்சைட்டு 6%, நிமிடத்துக்கு 2500 சுற்றில் 0.8%.

‘அ’ வில் ஒட்சிசன் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிட்டது. எனவே பெற்றோல் கூடியுள்ளது, அல்லது வளி குறைந்துள்ளது. தூசி அடைத்த வளி வடிகட்டி, முழுமையாகத் திறக்காத சோக், மிதவை வால்வு தேய்ந்து காபரேற்றரில் பெற்றோல் மட்டம் உயர்தல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கச் செலவில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குக. இங்கே பிளக்கை மாற்றிப் பயனில்லை.

‘ஆ’ வில் பெற்றோலும் மிஞ்சியுள்ளது, ஒட்சிசனும் மிஞ்சியுள்ளது. எரியக்கூடிய இரண்டும் அருகருகே இருந்தும் எரியவில்லை. ஏன்? தீப்பற்றவில்லை! தேய்ந்த பிளக், பழுதான பிளக் வயர், எரிந்துபோன வால்வினால் அமுக்கம் குறைதல் என்பன காரணமாகலாம். வெடித்த இறப்பர்க் குழாயினூடாக மேலதிக வளி புகுந்தாலும் கலவை தீப்பற்ற முடியாத அளவுக்கு ஐதாகும். இவ்வாகனத்துக்கு வளி வடிகட்டியை மாற்றினாலும் பிழை அப்படியே இருக்கும்.

‘இ’ சற்றுச் சிந்திக்க வேண்டியது. வேகம் கூடும்போது எஞ்சின் உள்ளிழுக்கும் வளியும் கூடும். வடிகட்டி அடைத்திருந்தால் வேகத்தில் நிலைமை மோசமாக வேண்டும். இங்கே சீராகின்றது. ஆகவே வடிகட்டி குற்றவாளியல்ல. மெதுவான ஓட்டத்துக்குரிய கலவைத் திருகாணியின் செப்பமே முதலில் பார்க்கப்பட வேண்டியது. பரிசோதனைக்காக மட்டும் இத்திருகாணியை மாற்றி, சான்றிதழ் கிடைத்ததும் பழையபடி திருப்பி வைப்போரும் உண்டு. காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும் நிறமற்ற, மணமற்ற வாயு. அது சான்றிதழைப் பார்த்து விலகாது. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஒருபோதும் சோதிக்க வேண்டாம்.

ஊக்கி மாற்றி பொருத்திய வாகனமாயின் இன்னொன்றையும் கவனிக்க. அதிலுள்ள பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியன காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் ஒட்சியேற்ற உதவுகின்றன. ஆனால் சில நூறு பாகை செல்சியசுக்குச் சூடான பின்பே அவை நன்கு தொழிற்படும். எனவே சிறிது தூரம் ஓடி, எஞ்சின் சூடான பின் பரிசோதனைக்குச் செல்வது நன்று. ஈயம் ஊக்கியின் மேற்பரப்பை மூடிப் பயனற்றதாக்கும். இலங்கையில் ஈயம் சேர்த்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டதால் அந்த இடர் இன்றில்லை. இன்றைய இடர் ‘ஆ’ போன்ற வாகனத்தில் உள்ளது. எரியாத பெற்றோல் ஊக்கி மாற்றிக்குள் சென்று அங்கே எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடும். தீப்பற்றாத குறையைத் தீர்க்காமல் விலையுயர்ந்த புதிய மாற்றியைப் பொருத்தினால் அதுவும் பழுதாகும்.

டீசல் எஞ்சினில் பிளக் மூலம் தீப்பொறி கொடுக்கப்படுவதில்லை. அமுக்கப்பட்டுச் சூடான வளியில் டீசல் தானே தீப்பற்றும். பரிசோதனையில் புகையினூடாக ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு மறைக்கப்படுகின்றது என அளப்பர்.

பயிற்சி வினா: ஒரு டீசல் வான் திடீரென வேகமூட்டப்படும்போது கரும்புகை வெளியேறுகின்றது.
(1) கரும்புகையில் அடங்கியுள்ள பிரதான திண்மப் பதார்த்தம் யாது?
(2) வளி வடிகட்டி அடைத்திருத்தல், டீசல் விசிறும் நொசில் தேய்ந்து பெரிய துளிகளாக விசிறுதல் ஆகிய இரண்டும் ஒரே விதமான புகையைத் தருவது ஏன்? மேற்பரப்பளவைக் கருத்திற்கொண்டு விளக்குக.