தீத்தட்டி உருக்கு: பொறி எங்கிருந்து வருகிறது?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் குடாநாடு பட்ட பாட்டை, ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை மறந்திருக்காது. கடையில் வாங்கும் பொருள் நின்றுபோனால் கைத்தொழிலின் அருமை தெரியும். நெருப்புக்குச்சிக்கு முந்திய காலத்தில் உலகின் பல நாடுகளில் அடுப்பு மூட்டியவை ஓர் உருக்குத் துண்டும் சக்கிமுக்கிக் கல்லும்தான். அந்த உருக்கை நமது கம்மாலை ஒன்றில் இன்றும் செய்துகொள்ளலாம்.

பொறி கல்லிலிருந்து வருவதாகவே பலர் நினைக்கின்றனர். உண்மையில் எரிவது இரும்பு. கடினமான கல்லின் கூர்விளிம்பு உருக்கிலிருந்து மெல்லிய துகளைச் சீவுகிறது. உராய்வால் சூடேறிய துகள் காற்றுப்பட்டதும் எரிகிறது. ஆகவே கல் உருக்கைவிடக் கடினமாக இருக்க வேண்டும். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் இதற்கு உதவாது. வவுனியாப் பக்கம் கிடைக்கும் குவார்ட்ஸ் எனும் வெள்ளைப் படிகக்கல் உதவும்.

உருக்கில் காபன் கூடுதலாக இருக்க வேண்டும். கத்திக்கு ஏற்ற லொறி வில்லுத்தகட்டில் அது சுமார் 0.6 சதவீதம். பழைய அரத்தில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு மேல். எனவே அரமே சிறந்தது.

அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இளகும். பிறகு அதன் பற்களை முழுதாகத் தேய்த்துவிட வேண்டும்; பள்ளம் மிஞ்சினால் அங்கேதான் வெடிப்பு விழும். மீண்டும் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, விரல் நுழையும் வளையமாக வளைக்க வேண்டும்.

அடுத்தது தோய்ச்சல். துண்டைச் சிவக்கக் காய்ச்ச, சுமார் 770 பாகை செல்சியஸில் காந்தம் அதில் ஒட்டாது போகும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி உடனே எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்த வேண்டும். நீர் வேகமாகக் குளிர்த்தும். வெடிக்கும் அபாயமும் கூட. ஆறியபின் வேறோர் அரத்தால் உரசினால் அது பிடிக்காமல் வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் தோய்ச்சல் சரியில்லை.

கத்தி ஒடியாதிருக்க, தோய்ச்சலின் பின் மறுபடி இளஞ்சூடு காட்டிக் கடினத்தைக் குறைப்பார்கள். தீத்தட்டிக்கு அந்தச் சூடு மிகக் குறைவாகவே போதும்; கூடினால் பொறி குறையும். அதனால் இது எளிதில் உடையும். கண்ணாடி அணிந்தே தட்டுங்கள். விழும் பொறியைக் கருக்கிய பருத்தித் துணியில் பிடித்து ஊதினால் கனல் பரவும்.

இறக்குமதிக் கத்திகள் மலிய, கம்மாலைகள் குறைகின்றன. காந்தமின்றி, நிறம் பார்த்தே சூட்டை அறியும் கண்ணும் அவற்றோடு போகிறது. அதை உலைமுன் நின்றுதான் பழக முடியும்.