வாரிங் வினாவும் சிதம்பரத்துக் கணிதத் துறையும்

எண்ணையும் எழுத்தையும் இணைத்துரைப்பது நம்மவர் மரபு. ஆயினும், பல்கலைக்கழகங்களில் எழுத்தாராயும் துறையினர் எண்ணாராயும் துறையின் வாயிலை மிதிப்பது அரிது. யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே இருந்தோம். சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழாய்வுக்கு ஆற்றிய பணியை இவ்விதழைப் படிப்போர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. அதே ஆண்டில் அதன் கணிதத் துறையிற் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர், 160 ஆண்டுகட்கு மேலாக ஐரோப்பிய அறிஞர் முயன்ற வினாவொன்றின் பெரும்பகுதிக்கு அங்கிருந்தே விடை கண்டார் என்பதனை நம்மிற் பலர் அறியார். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த பிள்ளை, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, 1927 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரைச் சார்ந்து ஆராய்ந்தவர். சிதம்பரத்தில் அவர் பணியாற்றிய காலம் 1929 முதல் 1941 வரை.

அவர் எடுத்துக்கொண்ட வினா தோற்றத்தில் மிக எளியது. கேம்பிரிட்சுப் பேராசிரியர் எட்வர்டு வாரிங் 1770-இல், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்கட்கு மிகாமலும், ஒன்பது கனங்கட்கு மிகாமலும், பத்தொன்பது நான்காம் அடுக்குகட்கு மிகாமலும் கூட்டிப் பெறலாம் என்றும், மேலுள்ள அடுக்குகட்கும் இவ்வாறே கொள்க என்றும் எழுதினார். நிறுவினாரல்லர். வர்க்கம் பற்றிய கூற்றை இலக்ராஞ்சு அவ்வாண்டிலேயே நிறுவினார். எந்த அடுக்காயினும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதனை 1909-இல் இல்பர்ட்டு மெய்ப்பித்தார். அவ்வெல்லை எத்துணை என்பதே எஞ்சிய வினா.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். 23 என்னும் எண்ணைக் கனங்களாகப் பகுப்போம். 27 அதனினும் பெரிதாகலின் பயன்படாது; 8-உம் 1-உமே உள. இரண்டு எட்டுகள் 16; எஞ்சிய ஏழுக்கு ஏழு ஒன்றுகள்; ஆக ஒன்பது. ஆகவே கனங்கட்கு ஒன்பதிற் குறைந்த எல்லை இயலாது. இவ்வாறே நான்காம் அடுக்கில் 79 என்னும் எண் பத்தொன்பதை வேண்டுகிறது. ஆறாம் அடுக்கில் 703 என்பது 73-ஐ வேண்டுகிறது. இவற்றினின்று பொது விதியொன்று பிறக்கும். மூன்றின் அடுக்கை இரண்டின் அவ்வடுக்கால் வகுத்துக் கிடைக்கும் ஈவை, இரண்டின் அடுக்கோடு கூட்டி, இரண்டைக் கழிக்க வேண்டும். கனத்திற்கு 27-ஐ எட்டால் வகுக்க ஈவு மூன்று. எட்டும் மூன்றும் பதினொன்று. இரண்டு போக ஒன்பது.

இதுவரை பள்ளி மாணவனும் வருவான். அருமை அப்பாலுள்ளது. ஒரு சொல்லாட்சி சங்க நூல்களில் உண்டு என்பார்க்கு ஓரிடம் காட்டினாற் போதும். இல்லை என்பாரோ அனைத்தையும் துருவியாதல் வேண்டும். நமக்கேனும் நூல்களின் அளவு வரம்புடையது. எண்களுக்கு அவ்வரம்பும் இல்லை. 23 ஒன்பதை வேண்டும் என்பது உண்டெனக் காட்டல். ஒன்பதினும் மிகுதியாக வேண்டும் எண் எங்கும் இல்லை என்பதே நிறுவ வேண்டியது.

இதற்குக் கருவியாக அமைந்தது வட்டமுறை. இராமானுசனும் ஆர்டியும் 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் அது முளைத்தது. ஆர்டியும் இலிட்டில்வுட்டும் அதனை வாரிங் வினாவிற்கு ஏற்றினர். உருசிய அறிஞர் வினோகிராதோவ் 1930-களில் கூர்மைப்படுத்தினார். ஆயின் இம்முறை மிகப் பேரெண்களுக்கே செல்லும். சிற்றெண்களைக் கையாற் கணக்கிடலாம். இடைப்பட்ட வெளியோ பெரிது. கீழிருந்து ஏறிவரும் கணக்கும் மேலிருந்து இறங்கிவரும் எல்லையும் ஓரிடத்திற் சந்தித்தல் வேண்டும். ஏழாம் அடுக்கு முதல் அவை சந்திக்குமாறு செய்தார் பிள்ளை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மேற்கூறிய வகுத்தலின் ஈவும் மீதியும் கூடி இரண்டின் அடுக்கை விஞ்சலாகாது. இதனை மீறும் அடுக்கு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. 47 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் வரை 1990-இல் சோதித்துள்ளனர். ஆறாம் அடுக்கு இம்முறைக்கு எளிதில் அடங்கவில்லை. கணிப்பொறி இல்லாத அந்நாளில் அதனையும் 1940-இல் முடித்து, எல்லை 73 என நாட்டினார்.

இவ்விடத்து ஒன்று கூறாதிருத்தல் இயலாது. அமெரிக்க அறிஞர் டிக்சனும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியே முயன்று ஏழு முதலான அடுக்குகட்கு இம்முடிபினை எய்தினார். பிள்ளையின் கட்டுரை 1936-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இதழிலேயே வெளிவந்தது. கடல் கடந்து எத்தனை நூலகங்களை அவ்விதழ் அடைந்திருக்கும்? டிக்சன் பெயரையே முன்னிறுத்தும் நூல்கள் உள. யார் முந்தியவர் என வழக்காடுதல் எம் நோக்கமன்று. ஒருவரை விடுத்து மற்றவரைக் கூறுதல் பிழை என்பதே எம் துணிபு. சொந்த இதழில் எழுதியதனால் ஒருவர் புகழ் குன்றுமாயின், அக்குறை இதழினது மட்டுமன்று. அதனைத் தேடிப் படியாதாரதுமாம்.

அவர்தம் பிற ஆய்வுகளுள் இரண்டினைச் சுட்டுவோம். அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரை எத்தனை எடுப்பினும், ஏனையவற்றோடு பொதுக் காரணி ஒன்றைத் தவிரப் பிறிதில்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்கும். பதினேழுக்கு இது பொய்க்கும் என்றார். 2184 முதல் 2200 வரை உள்ள எண்கள் அதற்குச் சான்று. மற்றொன்று, ஒன்றினும் மிக்க அடுக்குகளாக அமைந்த இரண்டு எண்களின் வேறுபாடாக எந்த எண்ணும் வரம்புற்ற முறைகளே தோன்றும் என்னும் கருதுகோள். வேறுபாடு ஒன்றாயின் 8, 9 என்னும் இணையே உண்டு என்பதனை 2002-இல் மிகைலெசுகு நிறுவினார். பொதுக் கூற்று இன்றும் நிறுவப்படாதே நிற்கிறது.

1941-இல் திருவிதாங்கூருக்கும், அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கும் பிள்ளை பெயர்ந்தார். பிரின்சுடன் உயராய்வு நிறுவனம் அவரை அழைத்தது. ஆர்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிற்கெனப் புறப்பட்டவர், 1950 ஆகத்து 31 அன்று கெய்ரோவை அடுத்து நிகழ்ந்த வானூர்தி விபத்தில் மறைந்தார். அகவை 49. வாரிங் வினாவில் அவர் விட்டுச்சென்றவற்றுள் ஐந்தாம் அடுக்கைச் சீன அறிஞர் சென் 1964-இல் முடித்தார். நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதனை முடித்த மூவருள் ஒருவர் பாலசுப்பிரமணியன் என்னும் தமிழர். பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தையும் தங்கதுரையுடன் கூடித் தொகுத்து 2010-இல் வெளியிட்டவரும் அவரே.