கல்வெட்டில் ஒரு விருத்தம்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் சிவபதம் எய்தினால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் வீட்டிலே கல்வெட்டு வாசிக்கப்படும். கல்வெட்டு என்றதும் அயல்நாட்டன்பர் சிலாசாசனத்தை எண்ணுவர். இஃது அச்சிட்ட சிறு நூல். திதி வெண்பா, வமிச வரலாறு, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என நிரலே செல்லும். இவற்றைப் பாடிக் கொடுத்தல் பண்டிதர்களாகிய எம்மனோர்க்கு ஊர்க்கடன். புலம்பல்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை என்று மாணவர் நகைப்பதுண்டு. நகைப்பது பிழையன்று, யானும் பல வார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளின் முன், என் அயலிலே தோட்டஞ் செய்துவந்த பெரியவர் ஒருவர் காலமானார். செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமுமாக 40 ஆண்டு உழைத்தவர். பெண்மக்கள் இருவர் மணமுடித்துப் போயினர். மகன் ஒருவனே, கொழும்பில் உத்தியோகம். எட்டுச்செலவின் மறுநாள் அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, என்ரை பேரிலை புலம்பல் ஒண்டும் வேண்டாம்."

காரணத்தை நெடுநேரஞ் சென்றே சொன்னான். வெங்காயம் கிண்ட இரண்டு நாள் வந்து நிற்பாயோ என்று தந்தையார் தொலைபேசியிலே கேட்டாராம். லீவு இல்லை, கூலிக்கு ஆள் பிடியுங்கள் என்றானாம். அவர் ஆள் பிடிக்கவில்லை. மகனை மறுபடி கேட்கவுமில்லை.

"லீவு இருந்தது ஐயா" என்றான். அதனை இருமுறை சொன்னான்.

அன்று மாலை தாயார் படலையடியில் வந்து நின்றார்.

"பண்டிதர், தம்பி கடைசி நேரத்திலை பக்கத்திலை நிண்டு பால் பருக்கினவன் எண்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கோ."

உயிர் பிரிந்து அரைநாள் கழிந்த பின்னரே மகன் வந்து சேர்ந்தான் என்பது ஊரறிந்தது. அதனைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் 9 நாள் காய்ச்சலாய்க் கிடந்தாராம். மகனுக்கு அறிவிக்க வேண்டாமென்று அவரே தடுத்தாராம். மகன் தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம், "அப்பு தோட்டத்திலை" என்றே தாம் சொல்லிவந்தாராம்.

ஒருவர் உரைத்ததை மற்றவர்க்கு யான் உரைத்தல் முறையன்று. திதி வெண்பாவிலே நாள் பொய்க்கலாகாது, புலம்பலிலே பொய் செல்லும் என்பது எங்கள் தொழிலின் வழக்கு. ஆயினும், பால் பருக்கினான் என்றெழுதக் கை எழவில்லை. மூன்றாம் இரவு, மகன் புலம்பலென ஒரேயொரு விருத்தம் பாடினேன். அழைத்த நாளில் வாராது, அழையாத நாளில் வந்தேன் என்பது அதன் பொருள். மகனிடம் காட்டினேன். படித்தான், வேண்டாமென்று சொல்லாது திருப்பித் தந்தான்.

(தாயாரும் இன்று இல்லை. இதனை எழுத மகன் இசைந்தான்.)

31ஆம் நாள், கீரிமலையிலிருந்து மீண்டபின், யானே வாசித்தேன். அவ்விருத்தத்தை இசையோடு பாட இயலவில்லை, வசனம்போற் படித்தேன். உள்வீட்டிலிருந்து தாயாரின் குரல் வந்தது:

"அவனிலை பிழையில்லை. ஒன்பது நாளும் நான்தான் மறைச்சனான்."

சபை அடங்கியது. மகன் எழுந்து உள்ளே போனான். யான் பக்கத்தைப் புரட்டி, மருமக்கள் புலம்பலைத் தொடங்கினேன். அதனைச் செவிமடுத்தார் எவருமிலர்.