துபாய் டிக்கெட்டில் நேரம் பார்ப்பது எப்படி?

"காக்கா ராத்திரி 10 மணிக்கு ஏறுறாங்க, 4 மணி நேரம்தானே, 2 மணிக்கு இறங்கிடுவாங்க." கீழக்கரையில் பல வீடுகளில் கணக்கு இப்படித்தான். கார் மதுரை விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கும்.

துபாய்-மதுரை சுமார் 2,900 கி.மீ.; பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி. ஆனால் துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்ப்படி, இறங்கும் நேரம் நம்ம ஊர்ப்படி. ஆக, அங்கே இரவு 10-க்கு ஏறினால் இங்கே அதிகாலை 3.30. போகும்போது தலைகீழ்: வெறும் இரண்டரை மணி நேரப் பயணம் போலத் தெரியும்!

தேதியையும் பாருங்க. '+1' என்றிருந்தால் மறுநாள். வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்பினால், "எந்த ஊர் நேரம்?" என்று ஒரு தடவை கேட்டுக்கிட்டு காருக்குச் சொல்லுங்க.